எல்லாத்துக்கும் ஆமாங்க

போனில் பொய் சொன்னவர்கள்கூடத் தப்பித்திருக்கிறார்கள். ‘ஆமாங்க’ சொன்ன நான்தான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், கோவையில் வாக்குவம் கிளீனர் விற்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தேன். டைரக்டரியைப் பார்த்து வீடு வீடாகப் போன் போட வேண்டும். திங்கட்கிழமைக்குள் ஒரு மெசினாவது விற்காவிட்டால் வேலை போய்விடும். (வேலை கிடைத்ததை அப்பா எங்கள் சிங்காநல்லூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.) சென்னையிலிருந்து வந்த மேனேஜர் தொழில் ரகசியம் ஒன்றைக் கற்றுக்கொடுத்தார். “கஸ்டமர் எது கேட்டாலும் மறுத்துப் பேசாதே. நீ ஆமாம் சொல்லிக்கிட்டே போ, அவங்களும் ஒரு கட்டத்துல ஆமாம்னு சொல்லிடுவாங்க.”

வெள்ளிக்கிழமை சூலூரில் ஓர் அம்மா போனை எடுத்தார். நான் மெசினைப் பற்றி ஆரம்பிப்பதற்குள் அவர் என்னை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். எங்கள் பக்கத்தில் ஊரையும் உறவையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் மற்ற பேச்சு.

“ஏனுங்க தம்பி, சொந்த ஊரே கோயமுத்தூருங்களா?”

“ஆமாங்க.”

“உங்களுக்குப் பொண்ணு பாத்துட்டிருக்காங்களா?”

“ஆமாங்க.” (ஒருவரும் பார்க்கவில்லை. மறுத்துப் பேசக் கூடாதே.)

“எங்க பொண்ணுக்கும் பாத்துட்டுத்தான் இருக்கறமுங்க. ஞாயித்துக்கெழம உங்க ஊட்டுக்கு வரலாமுங்களா?”

என் காதில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஏறியது. கஸ்டமர் தானாகத் தேடி வருகிறார். அதற்கும் ஒரு ஆமாங்க போட்டு, விலாசம் கொடுத்து, சனிக்கிழமையே டெமோ மெசினை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை வாசலில் ஒரு வேன் நின்றது. பட்டுப் புடவைகளும் வெள்ளை வேட்டிகளும் இறங்கிக்கொண்டே இருந்தன. பனியனோடு இருந்த அப்பா துண்டைத் தேடிக்கொண்டே, “வாங்க, வாங்க” என்றார். படியேறி வந்தவர்களை யார் என்று கேட்டால் மரியாதை என்ன ஆவது? ஜமக்காளத்தை விரித்து எல்லோரையும் உட்கார வைத்துவிட்டார்.

அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தார். “ஆருடா இவங்கெல்லாம்?”

“கஸ்டமருங்கம்மா.”

“கஸ்டமரு எதுக்குடா தட்டுல பூவும் குங்குமமும் வெச்சுத் தூக்கிட்டு வாராங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அதிர்ச்சியில் எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். மெசினை நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்து, தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, சுவிட்சைப் போட்டேன்.

குழாயை உறிஞ்சும் பக்கம் மாட்டுவதற்குப் பதிலாக ஊதும் பக்கம் மாட்டியிருந்தேன்.

தட்டிலிருந்த குங்குமம் மொத்தமும் எழும்பிப் போய்ப் பெண்ணின் தாய்மாமன் மேல் இறங்கியது. மிச்சம் அப்பாவின் வழுக்கையில். எங்கள் ஆட்கள் எவ்வளவு அதிர்ந்து போனாலும் ‘ங்க’வை மட்டும் விடமாட்டார்கள். “தம்பி, அதைக் கொஞ்சம் நிறுத்திப்போடுங்க” என்றார் தாய்மாமன், கண்ணை மூடியபடியே.

குழாயைக் கழற்றிச் சரியான பக்கம் மாட்டினேன். ஜமக்காளம், அவர் சட்டை, வேட்டி என்று ஒரு பொட்டு விடாமல் உறிஞ்சி எடுத்தேன். அவர்கள் காப்பி குடித்துவிட்டு, “போயிட்டு வாரமுங்க” என்று வேன் ஏறினார்கள். அப்பா தலையைக் கழுவக் கிணற்றடிக்குப் போனார். வேலையும் போனது, மானமும் போனது என்று முடிவு செய்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஆபீசுக்குப் போன் வந்தது. அதே சூலூர் அம்மா.

“தப்பா நெனைக்காதீங்க தம்பி. எங்க தறிக்குடோன்ல ஒரே பஞ்சுத் தூசிங்க. பையன் வேண்டாமுங்க, மெசின் மட்டும் போதுமுங்க.”

வேலை தப்பியது. பிறகு எனக்கு வேறு இடத்தில் கல்யாணமாகிப் பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். இன்றைக்கும் மிக்சி, கிரைண்டர் என்று எது வாங்கப் போனாலும், கடைக்காரர் “வேற எதாச்சும் வேணுமுங்களா?” என்று கேட்டால், என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்வாள்.

“மெசின் மட்டும் போதுமுங்க.”