வீட்டில் இல்லாதவர்

"யாரது இருமுறது?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டேன்.

"யாருமில்லைங்க. நீங்க ஜெபம் பண்ணுங்க" என்றாள் என் மனைவி நசாலி.

மறுபடியும் இருமல், வாசல் பக்கம். எனக்குத் தெரிந்த இருமல். கல்யாணத்தன்று வேலிக்கு அப்பாலிருந்து கேட்டது. பிறகு மசாக்காவில், நசாலியின் அம்மா வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து. என் மாமியார்.

எங்கள் பக்கம் மருமகன் மாமியார் முகத்தைப் பார்க்கக் கூடாது. மருமகன் இருக்கும் வீட்டில் மாமியார் தங்கக் கூடாது. மீறினால் கைநடுக்கம் வரும். முழங்கால் வைத்தியத்துக்கு அம்மாவைக் கம்பாலாவுக்குக் கூட்டிவந்து நம்மோடு வைத்துக்கொள்ளலாம் என்று நசாலி ஆரம்பிக்கும்போதெல்லாம் இந்த நடுக்கத்தைத்தான் சொல்லி வந்தேன். சொல்லும்போது கையையும் கொஞ்சம் ஆட்டுவேன்.

நான் தியானத்தில் உட்கார ஆரம்பித்தது வேறு காரணத்துக்காக. நான் ஓய்வு பெற்றதும், ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் நசாலி வாழைக்காய்க் கூடையையும் கத்தியையும் என்னிடம் நீட்டினாள். ஆண்பிள்ளை காய் சீவுவதா? அந்த ஞாயிறே எங்கள் சர்ச் ஃபாதரின் தியான வகுப்பில் சேர்ந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரே சொல்லை மனதுக்குள் சொல்ல வேண்டும். மாரநாதா. ஆண்டவரே, வாரும். சரியாகக் காய் சீவும் வேளைக்கு உட்கார்ந்துவிடுவேன். தியானத்தில் இருக்கிறவன் வீட்டிலேயே இல்லை, யார் வந்தாலும் அப்படியே சொல் என்று நசாலிக்கு உத்தரவும் போட்டிருந்தேன்.

வாரும், வாரும் என்றேன். வந்துவிட்டார்.

"மருமகன் இருக்காராடி?"

"வீட்ல இல்லம்மா. உள்ள வா."

பை ஒன்று தரையில் இழுபட்டுப் பின்னறைக்குப் போனது. கண்ணைத் திறந்தால் மாமியார் முகம். திறக்காவிட்டால் மாமியார் குடித்தனம்.

"நசாலி, இது என்ன அநியாயம்?" உதட்டை அசைக்காமல் கேட்டேன்.

"வீட்ல இல்லாதவர் பேசக் கூடாது."

"எப்போ கண்ணைத் திறக்கிறது?"

"அம்மாவுக்கு முழங்கால் சரியானதும். ஃபாதர்கிட்ட கேட்டுட்டேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் நல்லதுதானாம்."

பின்னறையிலிருந்து மாமியார் குரல் வந்தது. "இல்லாத நேரத்துல மருமகன் ரொம்ப நல்லவரா இருக்காருடி."

என் மடியில் கூடை ஒன்று கனத்தது. உள்ளங்கையில் கத்தியின் பிடி.

கண்ணைத் திறக்காமலே ஒரு காயை எடுத்துச் சீவத் தொடங்கினேன்.