பித்தப்பையும் புதன்கிழமை ஜெபக்கூட்டமும்

போன புதன்கிழமை காலைல எனக்கு இருந்த வேல ஒண்ணே ஒண்ணு. பதினோரு மணிக்கு எனக்க லேப்டாப் திரைய பிரபு சாருக்கு காட்டணும். அவ்வளவுதான்.

என்ன வேலன்னு முதல்ல சொல்லிருதேன். வயித்துல சின்ன ஓட்ட போட்டு, கேமராவ உள்ள விட்டு ஆப்பரேஷன் செய்வாங்க இல்லியா, அந்த வீடியோ எனக்கு வரும். அதுல ஒவ்வொரு கருவியையும் சுத்தி கட்டம் போட்டு, பேரும் நம்பரும் குடுக்கணும். இது கத்திரி, இது கிளிப் போடுறது, இது பிடிச்சு இழுக்குற கிராஸ்பர். ஒரு கருவி திரைய விட்டு வெளிய போயிட்டு திரும்ப வந்தா, பழைய நம்பரையே குடுக்கணும். இத வச்சு கம்ப்யூட்டர் படிக்குமாம்.

எனக்கே தெரியாதத அது எங்கிட்ட இருந்து எப்படி படிக்கும்னு கேக்காதீங்க.

ஏற்கனவே மூணு தடவ நான் அனுப்புனது திரும்பி வந்தாச்சு. எனக்க மேலதிகாரி பிரபு சார் கோயம்புத்தூர்க்காரர். திட்டவே மாட்டார். "ஷைனி, இந்தத் தடவையும் தப்பாச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க"ன்னு மரியாதையாதான் சொல்லுவார்.

இன்னொண்ணும் உண்டு. வீடியோவ வீட்ல உள்ள ஆளுங்க கூட பாக்கக்கூடாது. பாத்தா வேல போச்சு. கையெழுத்தே போட்டு குடுத்திருக்கேன்.

அதே பதினோரு மணிக்கு, செங்கல்ங்கற எங்க ஊருல, எங்க வீட்டு ஹாலுல ஜெபக்கூட்டம். பதினாலு பேரு. கூடவே சபைக்கு புதுசா வந்த போதகர். எனக்க மாமியார், நாங்க மாமின்னு கூப்பிடுவோம், பாட்டு வரிய எல்லாரும் பாக்கட்டுமேன்னு பெரிய டி.வி.ல போட்டுவச்சிருந்தாங்க.

நான் உள்ள அறையில கதவ சாத்திட்டு, காதுல ஹெட்போன மாட்டிட்டு உக்காந்தேன்.

"திரைய ஷேர் பண்ணுங்க ஷைனி."

பண்ணினேன். ரெண்டு பட்டன் இருந்துது. எனக்கு ராசியான பட்டன அமுக்கினேன்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலைங்களே?"

"தெரியும் சார், கொஞ்சம் பொறுங்க!"

தெரிஞ்சுது. ஹாலுல தெரிஞ்சுது!

பாட்டு பாதியில நின்னுது. எனக்கு ஹெட்போன தாண்டி கேட்டுது மாமிக்க சத்தம்.

"பிள்ளே ஷைனி! டி.வி.ல என்னத்த பிள்ளே இது!"

நான் அமுக்கினது டி.வி.க்கு படம் போற பட்டன்! லேப்டாப்ப கையில தூக்கிட்டு ஓடினேன். அங்க பாத்தா, ஆள் உயரத்துக்கு ஒரு பித்தப்பை. பளபளன்னு, பச்சையா. அத ஒரு கருவி பிடிச்சு இழுக்குது. பதினாலு வாயும் திறந்தபடி இருக்கு.

லேப்டாப்ப அப்பவே மூடியிருக்கலாம். அது இப்ப தோணுது. அப்ப எனக்கு தோணினது, டி.வி. பிளக்க பிடுங்கணும்!

பிளக்கு போதகருக்க நாற்காலிக்கு பொறத்தால இருந்துது. "அய்யா, கொஞ்சம் நகருங்க"ன்னு நான் சொல்ல வாயெடுக்கதுக்குள்ள அவரு எழும்பி கண்ண மூடிட்டாரு.

"ஆண்டவரே! பேர் தெரியாத இந்த பிள்ளைய நினைத்தருளும்! இந்த வயித்த தொட்டு சுகமாக்கும்!"

ஜெபம் பண்ணிட்டிருக்க மனுஷன எப்படி தள்ளுறது? நானும் கண்ண மூடினேன். அவருக்கு உண்மையாவே அழுக வந்துட்டு. மாமியும் மூக்க சிந்துனாங்க.

"எங்களுக்கு ஒரு பதில் தாரும், ஆண்டவரே!"

"ஷைனி, கேக்குதுங்களா?"ன்னு ஒரு ஆம்பளக் குரல் மேல இருந்து வந்துது.

நான் ஓடி வந்ததுல ஹெட்போன் கழண்டுபோய், பிரபு சார் டி.வி. வழியா பேசுகாரு! போதகர் அப்படியே நாற்காலியில இருந்துட்டாரு.

அப்பதான் தையல்கட லில்லி அக்கா வாயத் திறந்தாங்க. ஒத்தக் கண்ணால ஜெபம் பண்ணிட்டு, மத்த கண்ணால டி.வி. பாத்திருக்காங்க.

"பிள்ளே, ரெண்டாம் நம்பருக்கு கத்திரின்னு எழுதியிருக்க. அது கத்திரி இல்ல."

"அக்கா, சும்மா இருங்க!"

"கத்திரிக்க வாய் வழுவழுன்னு இருக்கும். இதுக்கு பல்லு உண்டு, பாரு. இது வெட்டாது, கடிச்சு பிடிக்கும். இருபத்தஞ்சு வருசமா கத்திரி பிடிக்கேன் ஆக்கும்!"

"அவங்க சொல்றது சரிங்க"ன்னு டி.வி. சொல்லிச்சு. "நீங்க அனுப்புன ஃபைல நானே திறந்து பாத்துட்டிருக்கேன். அது கிராஸ்பர்தாங்க. வீடியோவ பிரிச்ச நானூறு படத்துலயும் கத்திரின்னு போட்டிருக்கீங்க. ஆமா, அவங்க யாருங்க?"

போச்சு. பொய் சொல்லலாம்னு பாத்தேன். எனக்கு பொய்யும் வராது.

"சார்... பட்டன் மாறி அமுக்கிட்டேன். ஹாலுல ஜெபக்கூட்டம். ஒரு பதினஞ்சு பேரு பாத்தாச்சு."

 

மாமி என்னைக் காப்பாத்த டி.வி.ய பாத்து சொன்னாங்க: "சாரே, நாங்க யாரும் ஒண்ணும் பாக்கல்ல!"

அப்ப பாத்து மூலையில இருந்து ஒரு சத்தம்: "மூணாம் நம்பர் திரும்ப வந்தாச்சு! ஆனா இவ அஞ்சுன்னு போட்டிருக்கா!"

"அடிபொளி!"ன்னு இன்னொருத்தங்க கை தட்டினாங்க.

பிரபு சார் சிரிச்சுட்டாரு. நான் வேலைக்கு சேந்ததுல இருந்து அவரு சிரிச்சு கேட்டதே இல்ல.

"நல்லவேளைங்க ஷைனி. இது டாக்டருங்க பழகுறதுக்கு எடுத்த பயிற்சி வீடியோ. மனுஷங்க வீடியோவா இருந்திருந்தா இன்னைக்கே உங்கள அனுப்பியிருப்பேன். இது பன்னிங்க."

"என்ன சார்?"

"பன்னி. பன்னியோட பித்தப்பை."

டி.வி. நல்ல டி.வி. ஒவ்வொரு எழுத்தும் தெளிவா கேட்டுது.

பதினாலு பேரும் போதகர பாத்தாங்க. அவருக்க கன்னத்துல ஈரம் காயல்ல.

அவரு மெதுவா கைலேஞ்சிய எடுத்து முகத்த துடைச்சாரு. தொண்டைய செருமினாரு.

"பன்னியும் அவருக்க படைப்பு ஆக்கும், மக்கா. சாயா உண்டா?"

எனக்கு எச்சரிக்கைன்னு ஒரு மெயில் வந்துது, வேல போகல்ல. லில்லி அக்கா சொன்ன பல்லு கணக்க வச்சு நானூறையும் சாயங்காலத்துக்குள்ள திருத்தி அனுப்பினேன். முதல் தடவையா திரும்பி வரல்ல!

எல்லாம் முடிஞ்சுதுன்னு நிம்மதியா சோறு போட்டு இருந்தா, மாமி பக்கத்துல வந்து இருந்தாங்க. "அந்த பன்னி எழும்பி நடந்துதான்னு உனக்க சார்ட்ட கேளு பிள்ளே. நம்ம ஜெபத்துல சுகமாச்சுன்னு ஞாயிறாழ்ச்ச சபையில சாட்சி சொல்லணும்."

வாட்ஸ்அப்புல கேட்டிருக்கேன். நீல டிக்கு விழுந்துட்டு, பதில் இன்னும் வரல்ல.