காசு செலவில்லாமல் கார் தாழ்ந்த விதம்

ஒரு மனிதனின் மதிப்பு, அவனுடைய காருக்கும் தரைக்கும் நடுவே எத்தனை விரல் இடைவெளி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இடைவெளி குறையக் குறைய மதிப்பு கூடும். இது எந்தத் தேதியிலிருந்து, எந்த உத்தரவின்படி அமலுக்கு வந்தது என்று பதிவு அலுவலகத்து ஹெட் கிளார்க்குக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு நகல் எடுத்துக் கோப்பில் வைத்திருப்பார்.

அவருக்குத் தகவல் சொன்னவன் மச்சினன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், வாசலில் நின்ற காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, தண்ணியைக் கண்டு பயந்து பேண்ட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி நிக்குது உங்க வண்டி?" என்றான். பன்னிரண்டு வருஷமாக அந்தக் காரை அவர்தான் துடைத்து வருகிறார். அதுவரை கார்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அதன் முழங்கால் மட்டுமே தெரிந்தது.

வேறு சமயமாக இருந்தால் விட்டுத் தொலைத்திருப்பார். அடுத்த மாதம் இருபதாம் தேதி மகளைக் கொண்டுபோய்க் காலேஜ் ஹாஸ்டலில் விட வேண்டும். ஐந்து மணி நேரப் பயணம். ஒரே மகள், முதல் தடவையாக வீட்டைவிட்டுப் போகிறாள். அத்தனை பெற்றோர்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது முழங்கால் தெரிய ஒரு காரில் போய் இறங்குவதா? மகளுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. "வண்டி எப்படி இருந்தா என்னப்பா? நீங்க கூட வந்தாப் போதும்" என்றாள். பிள்ளைக்கு எவ்வளவு பெருந்தன்மை பாரேன் என்று அவர் மனைவியிடம் சொல்லிக் கண்கலங்கினார். அது பெருந்தன்மை இல்லை, பயம் என்று மனைவி சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

மெக்கானிக்கைப் போய்ப் பார்த்தார். குட்டை ஸ்பிரிங் வாங்கி மாட்டலாம் என்றார் மெக்கானிக். விலையைக் கேட்டதும் ஹெட் கிளார்க் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். சரி, இருக்கிற ஸ்பிரிங்கையே அறுத்துவிட்டால்? செய்யலாம், ஆனால் முதல் பள்ளத்தில் வண்டியோடு முதுகெலும்பும் சேர்ந்து இறங்கிவிடும் என்று மெக்கானிக் பயமுறுத்தினார். அதற்கும் குறைவான செலவில் வேறு வழி உண்டா என்று ஹெட் கிளார்க் கேட்டார். ஆளைக் கிளப்பினால் போதும் என்று ஆகிவிட்டது மெக்கானிக்குக்கு.

"டிக்கியில நாலு மூட்டை வெயிட்டை ஏத்துங்க சார். தானா இறங்கும்."

வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் முப்பது வருஷம் ஆபீசில் இருந்தவரிடம் வேடிக்கை பேசக் கூடாது. குறித்துக்கொண்டு போய்விடுவார்.

மணல் மூட்டைக்குக்கூடக் காசு கொடுக்க வேண்டும். காசில்லாத கனம் எங்கே கிடைக்கும் என்று யோசித்தபோது, தன் நாற்காலிக்குப் பின்னால் இருந்த ஆவண அறை அவர் நினைவுக்கு வந்தது. பதினோரு வருஷமாக அழிப்பதற்காகக் காத்திருக்கும் கோப்புகள் அங்கே கூரையைத் தொட்டுக்கொண்டு இருந்தன. அவற்றை அழிக்க அனுமதி தந்த கடிதம் அந்தக் குவியலுக்குள்தான் எங்கோ இருந்தது. குவியலைக் கலைக்காமல் கடிதத்தை எடுக்க முடியாது. கடிதம் இல்லாமல் குவியலைக் கலைக்கக் கூடாது.

ஹெட் கிளார்க் நேர்மையானவர். ஆபீஸ் பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. ஆகவே முறைப்படி விண்ணப்பித்தார்: 'இடநெருக்கடியை முன்னிட்டு, கோப்புகளில் ஒரு பகுதியைத் தற்காலிகமாகத் தனது சொந்த வாகனத்தில் பாதுகாத்துத் தர இவ்வலுவலர் பணிவுடன் முன்வருகிறார்.' கண்காணிப்பாளர் வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

பின்சீட்டு, டிக்கி, கால் வைக்கிற இடம் என்று நாற்பத்திரண்டு கட்டு ஏறியது. கார் ஒரு பெருமூச்சு விட்டு இறங்கியது. அடடா, என்ன அழகு! சக்கரத்தின் நெற்றி மறைந்து, தரையோடு தரையாக, கோபக்காரன் மாதிரி நின்றது. ஹெட் கிளார்க் எதிர்ப்பக்கப் பிளாட்பாரத்தில் நின்று பத்து நிமிஷம் பார்த்தார். மகள் எங்கே உட்காருவாள் என்ற கேள்வி அவருக்கு எழத்தான் செய்தது. முன்சீட்டு ஒன்று இருக்கிறதே.

ஆபீஸ் சும்மா இருக்குமா? ஒரே வாரத்தில் டைப்பிஸ்ட் இருபது கட்டு கேட்டு விண்ணப்பித்தார். கேஷியர் முப்பது. கண்காணிப்பாளர் தன் பதவிக்கு ஏற்றபடி ஐம்பது. எந்தக் கோப்புக்கு எவ்வளவு இறங்கும் என்று எல்லோருக்கும் அத்துப்படியாகிவிட்டது. சொத்துத் தகராறு கட்டு ஒன்று வைத்தால் ஒரு விரல் இறங்கும். விடுமுறை விண்ணப்பங்கள் எத்தனை வைத்தாலும் பிரயோஜனமில்லை.

பதினெட்டாம் தேதி தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வு அதிகாரி வந்தார். ஆவண அறையைத் திறந்தார். உள்ளே ஒரு துடைப்பம் மட்டும் இருந்தது. நாட்டிலேயே இவ்வளவு சுத்தமான ஆவண அறையைத் தாம் கண்டதில்லை என்று பாராட்டிவிட்டு, கோப்புகள் எங்கே என்று கேட்டார். ஜன்னல் வழியே காட்டினார்கள். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை, விதிப்புத்தகத்தைப் புரட்டினார். அதுதான் பயங்கரம்.

கோப்புகள் ஆவண அறைக்கு வெளியே இருக்கக் கூடாது என்பது விதி. கோப்புகள் கார்களில் இருக்கின்றன. ஆகவே கார்கள் ஆவண அறைகளே. ஆவண அறையை இடம்பெயர்க்கக் கூடாது. ஓர் ஆவண அறையிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பை மாற்ற முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். அன்று மாலைக்குள் ஹெட் கிளார்க்கின் கார்க் கண்ணாடியில் 'ஆவண அறை எண் 7' என்று ஒட்டிவிட்டார்கள். அந்த அறைக்குப் பொறுப்பாளராக அவரையே நியமித்தார்கள்.

அவர் உடனே தன் வாகனத்தை விடுவிக்கக் கோரி விண்ணப்பம் எழுதினார். அது சம்பந்தப்பட்ட ஆவண அறைப் பொறுப்பாளர் வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே வலது கையால் கொடுத்து இடது கையால் வாங்கிப் படித்தார். இணைப்புகள் இல்லை. திருப்பி அனுப்பினார்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி முழுவதையும் கேட்டாள். அப்புறம், "உங்களுக்கு நீங்களே ஏதாவது லஞ்சம் குடுத்துப் பாருங்களேன்" என்றாள்.

இருபதாம் தேதி காலையில், அறைப் பொறுப்பாளர் என்ற முறையில், அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மனுக்களை வாங்கிக்கொண்டிருந்தார். நகல் கேட்டு வந்த ஜனங்கள் கார் ஜன்னலிலிருந்து தெருமுனை வரை வரிசையில் நின்று, இந்த ஆபீஸ் உருப்படுமா, இவனுங்களுக்கு மனசாட்சி இருக்கா என்று திட்டிக்கொண்டிருந்தார்கள். திட்டு ஒவ்வொன்றும் அவர் காதில் விழுந்தது. நியாயம்தானே என்றுதான் அவருக்கும் பட்டது.

பன்னிரண்டு மணிக்கு மகள் பெட்டியோடு வந்தாள். ஹாஸ்டல் கேட்டை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். நேரே ஜன்னலுக்கு வந்து குனிந்தாள்.

"அப்பா, இது நம்ம வண்டி. சாவி உங்க கையிலதான் இருக்கு. ஸ்டார்ட் பண்ணுங்க, போயிடலாம்."

"அனுமதி வரலையேம்மா."

"யாரு தடுக்கப்போறா? சுத்திப் பாருங்க."

பார்த்தார். ஆய்வு அதிகாரி ஊருக்குப் போய்விட்டார். கண்காணிப்பாளர் தன் காருக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். கேட் திறந்தே கிடந்தது. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பயமாக இருக்கிறது என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. எது எப்படிப் போனால் என்ன என்று சாவியைத் திருகக் கை வைத்துவிட்டார், நிஜமாகவே வைத்துவிட்டார்.

"ஏம்மா, காலையிலேருந்து நிக்கிற நாங்கெல்லாம் மனுஷங்களாத் தெரியலையா?" என்றார் வரிசையில் முதலாவதாக நின்றவர்.

"அவ என் பொண்ணுங்க" என்றார் ஹெட் கிளார்க்.

"இருக்கட்டும் சார். ஆபீசருக்குப் பொண்ணுன்னா அதுக்குத் தனி முறையா? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

தெருமுனை வரைக்கும் ஆமோதித்தார்கள். இவ்வளவு நேரம் ஆபீசைக் கரித்துக்கொட்டிய அத்தனை பேரும் ஒரே குரலில் முறையைக் காப்பாற்றினார்கள். ஹெட் கிளார்க் சாவியிலிருந்து கையை எடுத்தார். மகள் அவரையே ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனாள்.

அவளுக்காகத்தான் அவர் அன்றைக்கு வேகவேகமாக வேலை பார்த்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மனுவை வாங்கு, வருஷத்தைக் கேள், கட்டைத் தேடு, முத்திரையைக் குத்து. முப்பது வருஷத்தில் அவர் கை அப்படி ஓடியதே இல்லை. மூன்று மணிக்கு இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். மூன்றரைக்கு நாலு பேர். நாலு மணிக்கு ஜன்னலில் கடைசி நிழல் விழுந்தது.

ஹெட் கிளார்க் தலை நிமிரவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

"எந்த வருஷத்துக் கோப்பு?" என்றார்.