சீல் பிரிக்காத போன்

அன்புச்செல்வன் பெரிய மனிதனாகிவிடுவது என்று முடிவு செய்தான். முடிவெடுத்த இடம் போடி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துச் செல்போன் கடை வாசல். கண்ணாடியில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். புது மாடல் போன், வெள்ளிக்கிழமை காலை விற்பனை, சரக்கு குறைவு, ஓர் ஆதார் அட்டைக்கு ஒரு போன்தான். நோட்டீஸைப் படித்து முடிப்பதற்குள் அவன் மனசுக்குள் போன் வாங்கி, விற்று, லாபத்தைப் பையில் போட்டுக்கொண்டுவிட்டான்.

யோசனை எளிமையானது. புதுப் போனை முதல் நாளே கையில் வைத்திருப்பது ஒரு கௌரவம். குரங்கணிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கௌரவம் கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படும். ஆனால் அவர்கள் மலையிறங்கி வந்து வரிசையில் நிற்க மாட்டார்கள். அன்புச்செல்வன் நிற்பான். வாங்கின பெட்டியைப் பிரிக்காமல், சீல் கலையாமல், மேல்விலை வைத்துக் கைமாற்றிவிடுவான். பெரிய ஊர்களில் இது ஒரு தொழிலாகவே நடக்கிறது என்று யூடியூபில் பார்த்திருந்தான்.

இப்போதைக்கு அவன் தொழில் வேறு. ஏலக்காய்க் கமிஷன் கடையில் சாம்பிள் காட்டுவது. விற்க வரும் மூட்டையைப் பிரித்து, கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளி, வியாபாரிகளுக்கு முன்னால் தட்டில் பரப்ப வேண்டும். பிரித்துப் பார்க்காமல் போடியில் யாரும் விலை சொல்ல மாட்டார்கள். மேலே பச்சைக் காயும் அடியில் சொத்தையுமாக மூட்டை கட்டுகிறவர்கள் இருக்கிறார்களே. அப்படிக் கட்டின மூட்டையில் எந்தப் பக்கம் கைவிட்டால் நல்ல காய் மட்டும் வரும் என்பது அன்புச்செல்வனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது ஊருக்கும் தெரியும்.

தொழிலுக்கு முதல் வேண்டுமே. அது அவனிடம் இல்லை. மனைவி சந்திரவல்லியிடம் இருந்தது.

சந்திரவல்லி வீட்டிலேயே காய் வாங்கித் தரம் பிரித்து, போட்டோ எடுத்து அனுப்பி, வெளியூருக்குப் பார்சல் போட்டுக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, போன் கேமரா கெடும் வரை. இப்போது எதை எடுத்தாலும் மஞ்சளாக விழுகிறது. ஏலக்காய்க்குப் பச்சைதான் உயிர். சென்னையில் இனிப்புக் கடை வைத்திருக்கும் அம்மா, இவளுடைய பெரிய வாடிக்கை, போட்டோவைப் பார்த்துவிட்டுப் போன வருடத்துக் காயா என்று கேட்டுவிட்டார். இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆள் பார்ப்பதாகவும் சொல்லிவிட்டார். சந்திரவல்லிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நல்ல போன் வாங்கவென்றே சீட்டு எடுத்துப் பீரோவில் வைத்திருந்தாள். அதைத்தான் அன்புச்செல்வன் கேட்டான்.

"ஏங்க, அது போன் வாங்க எடுத்த சீட்டுங்க."

"போன்தான வாங்கப் போறோம்?"

"வாங்கி?"

"விப்போம்."

"வித்து?"

"மறுபடி வாங்குவோம்."

"அது எனக்கா?"

"அதையும் வித்துட்டா, அதுக்கடுத்து வாங்குறது ஒனக்கு."

சந்திரவல்லி பீரோவைத் திறந்து பணத்தை எண்ணிப் பார்த்தாள். பிறகு, ஆளுக்கு ஒன்றுதான் தருவார்கள் என்றால் தானும் வந்து நிற்பதாகச் சொன்னாள். சண்டை இல்லை, அழுகை இல்லை, அம்மா வீட்டுப் பேச்சு இல்லை. கல்யாணமான ஆண்பிள்ளை எவனும் அந்த இடத்திலேயே உஷாராகியிருக்க வேண்டும். அன்புச்செல்வனுக்கு ஒரே பெருமை. தன் பேச்சுத் திறமைக்கு யூடியூபில் தானே ஒரு சேனல் தொடங்கலாமா என்றுகூட யோசித்தான். தன் பங்குப் போனுக்கு முதலாளியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை கிழக்கு வெளுக்கும்போது இருவரும் கடை வாசலுக்குப் போய்விட்டார்கள். ஆள்கள் குறைவு, சாமான்கள் அதிகம். ஒரு ஹெல்மெட், ஒரு தண்ணீர்க் கேன், இரண்டு ஜோடி செருப்பு, மடித்த சாக்கு ஒன்று, எல்லாம் தங்கள் சொந்தக்காரர்களுக்காக வரிசையில் காத்திருந்தன. சந்திரவல்லி போய் ஒழுங்காகக் கடைசியில் நின்றாள். அன்புச்செல்வன் அவளுக்குப் பின்னால் தன் துண்டைப் போட்டு, அதன்மேல் ஒரு கல்லையும் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். துண்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதற்கு, தன் இடத்தைத் தான் பார்த்துக்கொள்வதாக அவள் பதில் சொன்னாள்.

டீக்கடையில் தோட்டத்துக்கு ஜீப்பு ஏறக் காத்திருந்த ஆள்கள் இருந்தார்கள். என்ன இவ்வளவு காலையில் என்று ஒருவர் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. அன்புச்செல்வன் தொழில் ரகசியத்தை முதலிலிருந்து விளக்கினான். எத்தனை பேருக்குக் கிடைக்கும், மலையில் யாருக்குத் தேவை, சீல் இருந்தால் என்ன விலை, சீல் போனால் எப்படி அது பழைய போன் ஆகிவிடும், எல்லாவற்றையும் சொன்னான். இரண்டாவது டீயும் சொன்னான். டீ வருவதற்குள் கேட்டுக்கொண்டிருந்தவர்களைக் காணவில்லை. ஜீப்பு வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டான்.

திரும்பிப் போனால் அவர்கள் அத்தனை பேரும் வரிசையில் நிற்கிறார்கள். கல் மட்டும் ஓரமாகக் கிடக்கிறது. துண்டை ஒருவர் அக்கறையாக மடித்துக் கையில் வைத்திருந்து, ஒங்களோடதாண்ணே என்று கேட்டுக் கொடுத்தார். அன்புச்செல்வன் வாலில் போய் நின்றான். அவன் முறை வர இன்னும் நாலைந்து பேர் இருக்கும்போது கடைக்காரர் வெளியே வந்து கும்பிட்டார். சரக்குத் தீர்ந்துவிட்டது.

ஆக, கிடைத்தது ஒரு போன். பில்லும் சந்திரவல்லி பெயரில். வாசலிலேயே பிரித்துப் போட்டுக் காட்டுகிறோம் என்று கடைப் பையன்கள் பெட்டியை எடுத்தபோது அன்புச்செல்வன் பாய்ந்து தடுத்தான். ஒருத்தருக்குப் பரிசு கொடுக்க வாங்கியது, சீல் கலையக் கூடாது என்று கெஞ்சினான். பரிசா என்று சந்திரவல்லி மெதுவாகக் கேட்டாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒன்றே ஒன்று என்றால் விலை இன்னும் ஏறும். அன்புச்செல்வன் சோர்ந்துபோகவில்லை. மலையில் முத்துக்கண்ணன், அழகுராஜா என்று இரண்டு தோட்டக்காரர்கள். ஒருவர் ஜீப்புக்குப் பெயின்ட் அடித்தால் மற்றவர் ஜீப்பையே மாற்றுவார். இருவரையும் ஒரே நேரத்துக்கு வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டான். போட்டியில் ஏற்றிவிடுவது என்று திட்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் வந்து எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அன்புச்செல்வன் ஒரு தாம்பாளத்தில் பெட்டியை வைத்து நடுவில் வைத்தான். அழகுராஜா ஒரு விலை சொன்னார். முத்துக்கண்ணன் அதற்கு மேல் சொன்னார். அழகுராஜா அதற்கும் மேல் போனார். அன்புச்செல்வனுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. முதலாளியிடம் வேலையை விடுவதாக எந்த வார்த்தைகளில் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்க்கத் தொடங்கினான்.

அப்போதுதான் சந்திரவல்லி காபி கொண்டுவந்தாள். டம்ளரைக் கையில் கொடுத்துக்கொண்டே, ஏதோ பருவமழையைப் பற்றி விசாரிப்பது போலக் கேட்டாள்.

"ஏண்ணே, உள்ள பாக்காமயா வெல சொல்றீக?"

அவ்வளவுதான். காபி கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாழ்நாள் முழுக்க மூட்டையைப் பிரித்துப் பார்த்துப் பழகின ஆள்கள். முத்துக்கண்ணன் காபியைக் கீழே வைத்தார்.

"அதான, பிரிச்சுக் காட்டு மாப்ளே."

"அண்ணே, பிரிக்கக் கூடாதுண்ணே. சீல் இருக்கதுக்குத்தான் இந்த வெல."

"எந்த ஊரு யாவாரம்ப்பா இது? சாம்பிள் காட்டாம சரக்குத் தள்ளப் பாக்குற."

"கம்பெனிச் சரக்குண்ணே. உள்ள போன்தான் இருக்கும்."

"கம்பெனி மேல சந்தேகம் இல்ல" என்றார் அழகுராஜா. "ஒன் கையத்தான் எங்களுக்குத் தெரியுமே. மேலாப்ல ஒரு காயி, அடியில ஒரு காயி."

அன்புச்செல்வன் கடைப் பையைக் காட்டினான், பில்லைக் காட்டினான், குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தான். சத்தியம் செய்யச் செய்ய அவர்களுக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் முத்துக்கண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். இரண்டு விலையும் ஒன்றாகக் கிளம்பிப் போவதை அன்புச்செல்வனால் பார்க்க முடியவில்லை. பெட்டியை எடுத்து, சீலைக் கிழித்து, போனை வெளியே எடுத்துத் தாம்பாளத்தில் வைத்துவிட்டான்.

போனில் ஒரு குறையும் இல்லை. இருவரும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எடை பார்த்தார்கள். பழக்க தோஷத்தில் முத்துக்கண்ணன் முகர்ந்துகூடப் பார்த்தார். நல்ல சரக்குதான் என்று ஒப்புக்கொண்டார்கள். அப்புறம் அழகுராஜா அதைத் தாம்பாளத்தில் திருப்பி வைத்தார்.

"ஆனா சீலு போயிருச்சே அப்பு. இனிமே இது பழசுல்ல?"

"நீங்கதானண்ணே பிரிக்கச் சொன்னீக?"

"நாங்க சொல்லுவோம். சீலு போனா வெல போச்சுன்னு டீக்கடையில ஊரக் கூட்டிப் பாடம் நடத்துனவன் நீயில்ல?"

அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். பாதி விலைக்குத் தருகிறேன் என்றுகூட இறங்கினான். பாதிக்கு இறங்கினதும், இவ்வளவு சீக்கிரம் இறங்குகிற சரக்கில் ஏதோ இருக்கிறது என்று முத்துக்கண்ணன் செருப்பை மாட்டிவிட்டார். ஒருவர் வாங்காததை மற்றவர் வாங்கினால் கௌரவம் என்னாவது? அழகுராஜாவும் கிளம்பினார். இருவரும் ஒரே ஜீப்பில் ஏறிப் போனதைத் தெருவே ஆச்சரியமாகப் பார்த்தது.

அன்புச்செல்வன் உள்ளே வந்து உட்கார்ந்தான். தாம்பாளம் காலியாக இருந்தது. பின்கட்டில் சந்திரவல்லி முறத்தில் காயைப் பரப்பி, வெயில் பார்த்துத் திருப்பி, புதுப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தான். காய் அப்படியே பச்சைப் பசேலென்று விழுந்திருந்தது. இவ்வளவு மன வேதனையிலும் சாம்பிள்காரன் மனசு அதை ரசிக்கத்தான் செய்தது. அனுப்பின சூட்டோடு சென்னையிலிருந்து பதில் வந்துவிட்டது. இதே காய்தான் வேண்டும், போன தடவையைவிட இரண்டு மடங்கு அனுப்பவும் என்று அந்த அம்மா கேட்டிருந்தார். சந்திரவல்லி படித்துவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து நாளாகியிருந்தது.

போனால் போகட்டும், அவர்கள் மனசு மாறித் திரும்பி வந்தால் கொஞ்சம் குறைத்துக் கொடுத்துவிடலாம், அதுவரை பத்திரமாக வைத்துக்கொள் என்று அன்புச்செல்வன் சொன்னான்.

"அவுக வரமாட்டாக" என்றாள் அவள், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டு வீட்டு மதினிமாரும் நேத்தே போன் பண்ணிட்டாக. ஏற்கெனவே வாங்குன போனே வீட்ல சும்மா கெடக்காம். எப்படியாச்சும் வாங்கவிடாமத் திருப்பி அனுப்பிரு, இனிமே எங்க தோட்டத்துக் காயெல்லாம் ஒனக்குத்தான்னு சொல்லியிருக்காக."

அன்புச்செல்வன் முறத்துக்கு எதிரே உட்கார்ந்துவிட்டான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீங்க சீலப் பிரிச்சிருப்பீகளா?"