உத்திராபதி பெயரில் ஓர் உதவித்தொகை

உங்க வீட்டுக்காரர் காலேஜில் எத்தனை அரியர் வச்சிருந்தார்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களா? கேட்டுப் பாருங்க. உடனே அவருக்கு போன் வந்துடும். அடிக்காத போன்.

உத்திராபதிக்கு ஒன்பது அரியர். சிதம்பரத்தில் இன்ஜினியரிங் படித்து, முட்டி மோதி முடித்து, கூடப் படித்த லோகநாயகியையே கட்டிக்கொண்டார். கடலூரில் ரெண்டு பேருமாய்ப் பம்புசெட் கம்பெனி வைத்தார்கள். நெல்லிக்குப்பம் கரும்பெல்லாம் இவர்கள் மோட்டாரில்தான் தண்ணி குடிச்சுது. வசதி வந்ததும் அந்த ஒன்பதும் மறந்துபோச்சு.

"நான்தான் கிளாஸ் ஃபர்ஸ்ட்" என்று தூரத்துச் சொந்தத்தில் மச்சானான அன்பரசுவிடம் அளந்து வச்சிருந்தார். ஃபர்ஸ்ட் வந்தது லோகநாயகி. அதனாலென்ன, பொண்டாட்டி மார்க்கு குடும்பச் சொத்துதானே! அன்பரசு அதைச் சொல்லிச் சொல்லியே தன் பிள்ளைகளை முதுகில் சாத்துவான். உத்திராபதி மாமா என்றாலே அதுங்களுக்கு முதுகு எரியும்.

2007-இல், படித்த இடத்திலேயே ஏழைப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுப்பது என்று புருஷனும் பொண்டாட்டியும் முடிவு செய்தார்கள். தகராறு பெயரில்தான்.

"என் பேரு மட்டும் இருக்கட்டும் லோகு. ரெண்டு பேரும்னா ஃப்ளெக்ஸ்ல இடம் பத்தாது."

"சரிங்க."

"படமும் என்னுது மட்டும் போதும்."

"சரிங்க. யாருக்குக் குடுக்கறதுன்னு மட்டும் நான் பாத்துக்கறேன்."

"பாரு, பாரு! அந்தச் சில்லறை வேலையெல்லாம் நீயே பாரு."

கட்டின நாளிலிருந்து லோகநாயகி அடுத்தடுத்து ரெண்டு 'சரிங்க' சொன்னதே இல்லை. மனுஷன் அப்பவே உஷாராகி இருக்கணும். அவரோ, ஃப்ளெக்ஸுக்கு நீலச் சட்டையா வெள்ளைச் சட்டையா என்ற யோசனையில் இருந்தார்.

விழாவுக்கு வேன் பிடித்துச் சொந்தபந்தங்களை ஏற்றிக்கொண்டார். அன்பரசுவுக்கு முன்சீட்டு. சிதம்பரம் வரைக்கும் ஃபர்ஸ்ட் வந்த கதைதான். மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் புழுக்கத்தில் ஜரிகை கழுத்தை அறுத்தது. மனுஷன் கழற்றுவேனா என்றார்.

லோகநாயகி மைக்கைப் பிடித்தாள்.

"முதல் மார்க் எடுக்கற பிள்ளைக்கு ஊரே மெடல் குடுக்குது. அரியர் வச்ச பிள்ளைய யாரு கேக்கறா? மீன்கார வீட்டுலேர்ந்து முதல் ஆளா படிக்க வருது. ஒரு பேப்பர் போச்சுன்னா, திரும்ப எழுத ஃபீஸ் கட்ட முடியாம படிப்பையே விட்டுட்டுப் போவுது. இது அந்தப் பிள்ளைங்களுக்குத்தாங்க. ஒம்போது அரியர் வச்ச எங்க வீட்டுக்காரரு இன்னைக்கு எப்படி உக்காந்திருக்காரு பாருங்க! அதான் அவரு பேரு மட்டும். ஒண்ணுகூட வைக்காத என் பேரைப் போட்டா நல்லாருக்குமா?"

அரங்கமே எழுந்து கைதட்டியது. அன்பரசு மட்டும் உட்கார்ந்தபடியே வாயைப் பிளந்தான்.

இறங்கி வந்தவரை மடக்கினான். "மாமா, ஒம்போதா?"

"அது வேற சிஸ்டம் மச்சான். உனக்குப் புரியாது."

பொண்டாட்டி காதில் பல்லைக் கடித்தார். "மானத்த வாங்கிட்டியேடி!"

"உங்க பேருதான வேணும்னீங்க? எவ்ளோ பெருசா இருக்கு பாருங்க!"

அதற்குள் ஒரு பெண் முன்னால் வந்து நின்றாள். பரங்கிப்பேட்டைப் பக்கத்துக் குப்பம், பேர் பொன்னி.

"சார், நான் மேத்ஸ்ல மூணு வாட்டி போயிட்டேன். நீங்க எப்படியோ தாண்டி வந்துட்டீங்க. வர்ற ஞாயித்துக்கிழமை நாங்க எல்லாரும் கடலூர் வரோம். கொஞ்சம் சொல்லிக் குடுப்பீங்களா சார்?"

பின்னால் ஒரு கூட்டமே நின்றது. அத்தனை கண்ணும் இவர் மேல். இத்தனை வருஷம் புளுகியும் யாரும் இவரை இப்படிப் பார்த்ததில்லை.

"வாங்கம்மா, தாராளமா வாங்க." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

திரும்புகிற வேனில், பொன்னாடையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உத்திராபதி மெல்ல லோகநாயகி பக்கம் சாய்ந்தார்.

"லோகு..."

"என்னங்க?"

"ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தக் கணக்க எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடேன்."