தொங்கான் அண்ணன் வயிற்றைக் குறைத்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொன்னால் எனக்கு மரியாதையாக இருக்காது. ஆபரேஷன் அவருக்கு. மயக்கம் போட்டு விழுந்தது நான்.

அறுபதுகளின் சிங்கப்பூரில் தொங்கான் அண்ணனைவிட அகலமான தமிழர் கிடையாது. இருந்திருந்தால் சிராங்கூன் சாலை இருவருக்கும் போதாமல் போயிருக்கும். கப்பலிலிருந்து கரைக்குச் சரக்கு கொண்டுவரும் வயிறு பெருத்த படகுக்குத் தொங்கான் என்று பெயர். அந்தப் படகுகளின் சரக்கைச் சரிபார்க்கும் துறைமுகக் கிராணி, அதாவது குமாஸ்தாவான அண்ணனுக்கும் அதே பெயரை வைத்த புண்ணியவான் யாரோ. அண்ணன் கோபித்துக்கொண்டதில்லை. "தொங்கான் இல்லாட்டி இந்த ஊருக்கு அரிசி எப்படிடா வரும்?" என்பார்.

தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் அவரும் அண்ணியும் ஓர் அறையில் இருந்தார்கள். அடுத்த அறை எனக்கு. நான் தமிழ்ப் பள்ளி வாத்தியார். குடைக்கம்பி வாத்தியார் என்றால்தான் தெருவுக்குத் தெரியும். மாடிப்படி ஏணிக்கு அண்ணன்தம்பி முறை, அவ்வளவு செங்குத்து. அதில் ஏறி இறங்கித்தான் அண்ணனின் முட்டிகள் தேய்ந்தன. இப்படியே போனால் சீக்கிரம் படி இறங்க முடியாது, மிச்ச வாழ்நாள் மாடியில்தான் என்று டாக்டர் ஒருவர் கையை விரித்துவிட்டார்.

"ஜன்னல்ல உக்காந்து தேக்காவ வேடிக்கை பாக்கறதுக்கா நான் கப்பலேறி வந்தேன்?" என்று அண்ணன் சீறினார். தொங்கும் வயிற்றுக் கொழுப்பை அறுத்தே எடுத்துவிடும் ஆபரேஷன் ஒன்று இருப்பதாகக் கப்பல் அதிகாரி ஒருவர் அவரிடம் சொல்லியிருந்தார். அன்றே முடிவு செய்துவிட்டார். செய்தி தெருவுக்குப் போனது. கோயில் வாசலில் ஒரு பெரியவர் வழிமறித்தார்.

"சாமி குடுத்த ஒடம்புப்பா. அதுல கத்தி வைக்கலாமா?"

"சாமி குடுத்தது ஏழு பவுண்டுங்க. மிச்சமெல்லாம் நானா சம்பாதிச்சது. என் சம்பாத்தியத்த நான் தூக்கிப் போடறேன், சாமிக்கு என்ன நஷ்டம்?"

பெரியவர் பிரகாரம் சுற்றப் போய்விட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் சீன சர்ஜன். அங்கிருந்த தராசின் முள் கடைசிவரை ஓடி, அதற்குமேல் வழியில்லாமல் நடுங்கியது. அரிசிக் கிடங்கில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறிவிட்டு வந்து எடையைச் சொன்னோம். சர்ஜன் தலையில் கைவைத்துக்கொண்டார். இந்த உடம்புக்கு மயக்க மருந்து கொடுத்தால் மறுபடி எழுப்ப முடியும் என்று நிச்சயமில்லை. முதலில் பாதி வழியாவது இளைத்து வா என்றார். எப்படி இளைப்பது என்பதைத் தமக்குத் தெரிந்த பசார் மலாயில், அதாவது கடைத்தெரு மலாயில் சொன்னார்: "நாசி ஜாங்ஙான் மாக்கான்!" சோறு சாப்பிடாதே, அவ்வளவுதான்.

அண்ணன் சோற்றைத் தொடவில்லை. சத்தியமாக ஒரு பருக்கைகூட இல்லை. காலையில் இட்லி, பதினொரு மணிக்குப் புட்டு, மத்தியானம் தோசை, ராத்திரி இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். அமாவாசை விரதமிருந்து வளர்ந்தவரல்லவா! சோறு இல்லையென்றால் சாப்பாடு இல்லை, மற்றதெல்லாம் பலகாரம். "மனுசன் பட்டினியா கெடக்காரு தம்பி" என்று அண்ணி என்னிடம் மூக்கைச் சிந்துவார். துணைக்கு இருக்கட்டுமென்று நானும் அதே பட்டினி கிடந்தேன். என் வாழ்க்கையில் சதை பிடித்தது அப்போதுதான்.

மறுபடி அரிசிக் கிடங்கு. முள் முன்னைவிட மேலே போயிருந்தது. சர்ஜன் மேஜையைத் தட்டிக் கத்தினார். அண்ணனும் தட்டினார், அவர் தட்டியதில் மசிக்கூடு கவிழ்ந்தது.

"சோறுன்னுதானே சொன்னே? தோசைன்னு சொன்னியா?"

சர்ஜன் இந்த முறை சாப்பிடக் கூடாதவற்றை விட்டுவிட்டு, சாப்பிடக் கூடியவற்றை மட்டும் சொன்னார். சீக்கிரம் முடிந்துவிட்டது: அவித்த கீரை, மீன் சூப்.

வேறு யாராவது என்றால் அறைக்குள் ஒளிந்துகொண்டு இளைத்திருப்பார்கள். அண்ணன் தினமும் பாய் கடைக்குப் போனார். பிரியாணிக்குப் பேர்போன கடை. அதே நாற்காலியில் உட்கார்ந்து, வாழையிலை போடச் சொல்லி, வீட்டிலிருந்து கொண்டுபோன கீரையை அதில் கொட்டிக்கொண்டு, போகிற வருகிறவர்களை முறைத்தபடி தின்றார்.

"அண்ணே, பிரியாணிக் கடைல ஒக்காந்து கீரை தின்னா என் யாவாரம் என்னா ஆவும் லா? கறி கெட்டுப்போச்சோன்னு எல்லாரும் கேக்கறாங்க!"

"கேக்கட்டும். ஒம் பிரியாணிக்குப் பயந்து தொங்கான் ஓடிட்டான்னு ஒருத்தன் சொல்லிடக் கூடாது."

மூக்குக்கு நேரே தாளித்த வாசம் போகும். கண்ணில் நீர் முட்டும். "வெங்காயம்" என்பார். வெங்காயம் உரிக்கும் இடம் கடைக்குப் பின்னால் இருந்தது.

இளைத்தார். மூட்டைத் தராசிலிருந்து ஆஸ்பத்திரித் தராசுக்கு வந்து சேர்ந்தார். சர்ஜன் அதிலிருந்த எண்ணை இரண்டு தரம் பார்த்துவிட்டு நாள் குறித்தார்.

ஆபரேஷன் அன்று காலை எங்கே வெட்டுவது என்று அண்ணன் வயிற்றில் ஊதா மையால் கோடு போட்டார்கள். ஒரு விலாவில் தொடங்கிய கோடு மறு விலாவரை போய்க்கொண்டே இருந்தது. அதன் முடிவை நான் பார்க்கவில்லை. கண் திறந்தபோது அண்ணனுக்காக வந்த தள்ளுவண்டியில் நான் படுத்திருந்தேன். அண்ணன் பக்கத்தில் நடந்துவந்து எனக்கு விசிறியபடி நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மிஸ்ஸி, இவன எறக்குங்க. இவன்கிட்ட வெட்டறதுக்கு ஒண்ணுமில்ல!"

சிரித்துக்கொண்டுதான் உள்ளே போனார். கதவு மூடிய பிறகு, அண்ணி அதுவரை முடிந்துகொண்டிருந்த முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். சாயங்காலம் கதவு திறந்து, "மாக்கான் என்ன இருக்கு?" என்று சாப்பாடு விசாரித்தபடி ஈனக் குரல் ஒன்று வெளியே வந்தது.

காயம் ஆறி அவர் முதல்முறை படி இறங்கிய நாளில் தெரு அண்ணாந்து பார்த்தது. கைப்பிடியைத் தொடாமல் இறங்கினார். அடிப்படியில் கிடந்த செருப்புக் குவியலில் வழக்கம்போல் காலாலேயே துழாவி மாட்டிக்கொண்டு, ஓரடி வைத்து, சும்மா கீழே பார்த்தார். எத்தனையோ வருடம் கழித்து அவருக்குத் தம் கால் தெரிந்தது. வலது காலில் கறுப்பு ரப்பர். இடது காலில் பழுப்புத் தோல்.

"டேய், இந்தத் தோலு யார்துடா?"

"என்துதாண்ணே."

"எவ்ளோ நாளா?"

"நான் குடிவந்ததுலேர்ந்து."

"ஏன்டா சொல்லல?"

சொன்னால் அவர் குனிந்து பார்க்க முயல்வார். முடியாமல் போவதை நான் நின்று பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு ஒரு செருப்பு போனால் போகிறது என்று, மிச்சமிருந்த பொருந்தாத ஜோடியை நான் மாட்டிக்கொண்டு திரிந்தேன். இதையெல்லாம் வாயால் சொல்ல வராது. "ஒங்க காலுக்கு நல்லா இருந்துச்சுண்ணே" என்றேன். அண்ணன் என் தோளில் கைபோட்டார்.

மேல்படியிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"வயித்துக்கு வைத்தியம் ஆச்சு. அடுத்து மூளையயும் அந்த டாக்டர்கிட்டயே காட்டிட்டு வந்துருங்க. ரெண்டு பேரும் சேந்தே போங்க!"