மாப்பிள்ளை வீட்டுப் பிரபு

மல்கிரேவ், மெல்பேர்ண்
ஞாயிறு பின்னேரம்

என்றும் மதிப்புக்குரிய அண்ணாவுக்கு,

தம்பி நித்தியானந்தன் பணிவுடன் எழுதுவது. மெரிலேண்ட்ஸில் தாங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. தொலைபேசியில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். வாட்ஸ்அப்பிலும் என்னைத் தடுத்துவிட்டீர்கள். தபால்காரரைத் தடுக்கும் வசதி இன்னும் வரவில்லை என்பதால் இதை எழுதுகிறேன். இங்கே ஒரு கிழமையாக மழை. என் முழங்காலைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைத்தேன், ஆனாலும் நோகிறது.

அடுத்த மாதம் வினுஷாவுக்குக் கலியாணம். தாய் ரஞ்சினி உயிரோடு இல்லாதபடியால் நான் தனியே நின்று பிள்ளையைத் தாரை வார்க்க முடியாது, அண்ணனும் அண்ணியும்தான் அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று ஐயர் சொன்னதை உங்களிடம் சொன்னேன். நீங்கள், "ஆர் எவரெண்டு தெரியாத வெள்ளைக்கு நான் பிள்ளையைப் பிடிச்சுக் குடுக்கவோ? அம்புலன்ஸ் ஓடுறவனாம்! ஏழு தலைமுறை விசாரிச்சனியோ?" என்று கேட்டுவிட்டு வைத்தீர்கள். அண்ணா, உங்கள் சொல்லை நான் எப்போது தட்டியிருக்கிறேன்? விசாரித்தேன். அன்றைக்குப் பிடித்த சனியன் இன்னும் விடவில்லை.

மாப்பிள்ளைப் பொடியன் ரீஸ். அவனுடைய தாய் கிளெனிஸ் வேல்ஸ் நாட்டில் பிறந்து சிறு வயதில் இங்கே வந்தவர். அவரை 'இங்கிலீஷ்காரி' என்று சொல்லிவிட்டு நான் பட்ட பாடு சொல்லி முடியாது; அந்தக் கோபம் எனக்கு நன்றாக விளங்கியது, 'நீங்கள் இந்தியாவோ' என்று கேட்பவர்களிடம் எனக்கும் அதே கோபம்தான் வரும். சாப்பாட்டுக்கு அழைத்து, கணவாய்க் கறியைப் பரிமாறிக்கொண்டே நைசாகப் பரம்பரையைக் கேட்டேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தங்கள் குடும்பம் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரபு ஒருவரின் வழி என்றார். பென்கார்தன் பிரபு. மாளிகை, மலை, ஆறு எல்லாம் அவருடையதாம். இளம் வயதிலேயே லண்டன் பாராளுமன்றத்தில் உட்கார்ந்தவராம். மாளிகையின் பெயரில் தேடினாலும் ஒரு உயிரெழுத்து இல்லை. அதைச் சரியாகச் சொல்ல நாக்கை மேலண்ணத்தில் வைத்து ஊத வேண்டுமாம். ஊதினேன். மேல்வரிசைப் பல்செட் கழன்று கணவாய்க்குள் விழுந்தது. கிளெனிஸ் பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உண்மையிலேயே நல்ல குடும்பம்தான், அண்ணா.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு பிழை விட்டேன். பக்கத்து வீட்டுப் பார்த்தசாரதியிடம் சொன்னேன். அவர், "பிரபுவா? அப்ப நம்மளையெல்லாம் ஆண்ட கூட்டம்னு சொல்லுங்க. கம்பெனியில பங்கு இருந்துச்சான்னு கேட்டீங்களா?" என்றார். கேட்கவில்லை. அடுத்த வெள்ளி கோயிலில் கதை முந்திப் போய்விட்டது. வினுஷா இளவரசனைக் கட்டுகிறாளாம். ஒரு அன்ரி மாளிகையில் கோடை விடுமுறைக்கு அறை கிடைக்குமா என்று கேட்டார். அர்ச்சனைத் தட்டோடு நின்ற நான் தலையாட்டியும் வைத்தேன்.

தலையாட்டிய பிறகு முழுக் கதையும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? கிளெனிஸ் ஞாயிறு தோறும் வந்து சொன்னார். ஒவ்வொரு ஞாயிறும் பிரபு இன்னும் கொஞ்சம் சரிந்துகொண்டே போனார். பாராளுமன்றத்தில் எந்த மந்திரி வந்தாலும் அந்தப் பக்கம் கதிரையை மாற்றிப் போட்டவராம். ஒரு தேர்தலில், எதிராளிக்குப் போட இருந்த வாக்காளர்களை வைக்கோல் கொட்டிலுக்குள் பியரோடு பூட்டிவைத்திருக்கிறார். அவர்கள் குடித்துவிட்டு விளக்கை அணைக்காமல் தூங்கியதில் கொட்டிலில் தீப்பற்றி, ஊரே கூடி அணைத்ததாம். "ஆட்கள் தப்பினவையோ?" என்று கேட்டேன். தப்பினார்களாம், வாக்கும் அவருக்கே போட்டார்களாம். முதல் மனைவி பிள்ளைப்பேற்றில் இறந்துபோனார். இரண்டாவது மனைவி, மாளிகையின் குளிர் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவேயில்லை. மூத்த மகன் தோட்டத்து மரங்களுக்காகத் தகப்பன்மேல் வழக்குப் போட்டான். இளையவன் பட்டாளத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினான், செய்தி வரவில்லை.

"இதையெல்லாம் பெரியப்பாவுக்குச் சொல்லப் போறீங்களோ?" என்று வினுஷா கேட்டாள்.

"அவர் தலைமுறைதானே கேட்டவர்? ஒழுக்கம் கேட்கேல்லையே," என்றேன்.

"அப்பா, ப்ளீஸ். நான் கட்டுறது ரீஸை. அந்தக் கிழவனை இல்லை."

கடைசி ஞாயிறு வந்த கதைதான் என்னை நித்திரை கொள்ளவிடாமல் செய்தது. பிரபுவுக்கு மார்கரெட் என்று ஒரே மகள். ஊரூராக நடந்து பிரசங்கம் செய்த ஒரு ஏழைப் பொடியனை விரும்பினாள். "யாரென்று தெரியாதவன்" என்றாராம் பிரபு. கலியாண நாளன்று தெருப்பக்கத்து ஜன்னல் திரையை எல்லாம் இழுத்துவிட்டு, நாய்களையும் அவிழ்த்துவிடச் சொன்னாராம். மார்கரெட் மாளிகை வாசலில் வண்டியை நிறுத்தி, குரைப்புக்கு நடுவே வெகுநேரம் இருந்துவிட்டுப் போனாள். தகப்பன் இடத்தில் நிற்க ஆளில்லாமல் தேவாலயத்தில் மணியடிப்பவர் நின்றாராம்.

பிறகு பிரபுவுக்கு வாதம் வந்தது. மந்திரிகள் மறந்துபோனார்கள். அந்தப் பெரிய வீட்டில் ஒரு அறையில் மட்டும் நெருப்பு எரிந்தது. மூத்தவன் வந்தான், மரங்களைப் பார்த்துவிட்டுப் போனான். மார்கரெட் மட்டும் மழையில் நடந்து வந்தாள். "யார்?" என்று கேட்டாராம். "மார்கரெட், அப்பா." "எனக்கு அப்படி ஒரு மகள் இல்லை," என்றாராம். ஆனால் பிடித்த கையை மட்டும் கடைசிவரை விடவில்லையாம்.

கிளெனிஸ் கண்ணைத் துடைத்தார். நான் எழும்பிக் குசினிக்குள் போய், கொதிக்காத கேத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணா, நான் உங்களைச் சொல்லவில்லை. உங்களிடம் நாய் இல்லை என்பது எனக்குத் தெரியும். வினுஷா பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தது நீங்கள். அவளுக்குப் பெயர் வைத்ததும் நீங்கள். அவள் நேற்றுக் கூறைச் சேலையை மடித்து வைத்துக்கொண்டு, "பெரியப்பா வராட்டி ஆர் நிக்கிறது, அப்பா?" என்று கேட்டாள். பார்த்தசாரதி தானும் மனைவியும் நிற்கத் தயார் என்றார். நல்ல மனிதர். எனக்கு அழுகை வந்துவிட்டது. தன் சொல்லால் நான் நெகிழ்ந்தேன் என்று நினைத்து அவர் முதுகைத் தட்டினார்.

ஆகவே தாங்கள் கேட்டபடி விசாரித்துவிட்டேன். பிரபு குடும்பம், மார்கரெட்டின் வழி. குறை சொல்ல இடமுண்டு, பரம்பரை இல்லை என்று சொல்ல இடமில்லை. இனிச் சாட்டு ஏதும் இல்லையென்று நம்பி, அண்ணியின் கால் வீக்கம் வற்றவும், தாங்கள் இருவரும் மனம் குளிர்ந்து பிள்ளையின் கையைப் பிடித்துக் கொடுக்கவும் பிள்ளையாரை மன்றாடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள தம்பி,
நித்தி

பி.கு.: முத்திரை ஒட்டியபிறகு கிளெனிஸ் தொலைபேசியில் அழைத்தார். வேல்ஸில் இருக்கும் அவருடைய தமக்கை சொன்னாராம், மார்கரெட்டுக்குப் பிள்ளைகளே இல்லையாம். இவர்கள் அதே பெயருள்ள வேறு குடும்பமாம். பக்கத்து ஊரில் கூரை வேய்ந்தவர்கள். அதற்கு மேலே ஒருவருக்கும் ஒன்றும் தெரியாதாம். ஆகவே உங்களுக்குக் காட்ட என்னிடம் ஏழு தலைமுறை இல்லை. பொடியன் ஒருவன்தான் இருக்கிறான். இரவு வேலை முடிந்து வந்து, இப்போது அடைத்துப்போன குழாயைக் கழற்றிக்கொண்டு குசினித் தரையில் படுத்திருக்கிறான். வினுஷா ரோர்ச் வெளிச்சம் பிடிக்கிறாள். தண்ணீர் பீறிட்டிருக்க வேண்டும், இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். ரஞ்சினி போனபிறகு இந்த வீட்டில் இப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. பிரபு வருகிற இடங்களை அடித்துவிட்டு வாசியுங்கள், அண்ணா. மிஞ்சுவது அதிகமில்லை. வாங்கோ.